கரீபியன் தீவில் டொக்டர் படிப்பு: ஹட்டனில் பஸ் ஏறும் முன் போட வேண்டிய கணக்கு

உயர்தரப் பெறுபேறு வந்த மூன்றாம் நாள், ஹட்டனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஒருவர் மகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நல்ல மழை. குடையை வாசலில் சாய்த்துவிட்டு, பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்த வழவழப்பான புத்தகம் ஒன்றை மேசையில் வைத்தார். அட்டையில் நீலக் கடல், தென்னை மரம், வெள்ளைக் கோட்டுப் போட்டுச் சிரிக்கும் பிள்ளைகள்.

"சேர், மகளுக்கு இசட் புள்ளி கொஞ்சம் குறைஞ்சிருச்சு. கொழும்புல ஒருத்தர் இங்க இடம் எடுத்துத் தர்றதா சொல்றாரு. நேரா எம்.டி. பட்டமாம், அமெரிக்காவுல வேலையாம். நீங்க என்ன சொல்றீங்க?"

மகள் வாய் திறக்கவில்லை. இரண்டு வருடம் என்னிடம் உயிரியல் படித்த பிள்ளை. கெட்டிக்காரி, ஆனால் பௌதிகவியலில் வழுக்கிவிட்டது; பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி அதனால் இறங்கிவிட்டது. நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கிழித்துப் போட்ட கலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். அன்று எழுதியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து வைக்கிறேன். மலையகத்தில் இதே புத்தகத்தோடு அலைகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

முதலில், அது என்ன பள்ளி என்று தெரிந்துகொள்ளுங்கள்

கரீபியனில் இரண்டு வகை மருத்துவப் பள்ளிகள் உண்டு. ஒன்று, அந்தத் தீவு மக்களுக்கு வைத்தியர்களை உருவாக்கும் பள்ளி. ஜமெய்க்கா, டிரினிடாட், பார்படோஸில் வளாகங்கள் வைத்திருக்கும் மேற்கிந்தியப் பல்கலைக்கழகம் அந்த வகை. அங்கே 1948-லிருந்து மருத்துவம் கற்பிக்கிறார்கள். மற்றது, தீவில் இடம் மட்டும் எடுத்துக்கொண்டு அமெரிக்க, கனடிய மாணவர்களுக்காக நடத்தப்படும் தனியார் பள்ளி. நம் வீடுகளுக்கு வரும் புத்தகங்கள் இந்த இரண்டாவது வகையினுடையவை. கிரெனடாவில் 1977-ல் வகுப்புத் தொடங்கிய செயின்ட் ஜார்ஜஸ், இப்போது பார்படோஸில் இருக்கும் ரோஸ், சின்ட் மார்ட்டினில் இருக்கும் அமெரிக்கன் யுனிவர்சிட்டி ஒஃப் த கரீபியன், சேபா தீவின் சேபா ஆகிய நான்கும் பழைய பெயர்கள். ரோஸும் அமெரிக்கன் யுனிவர்சிட்டியும் நியூயோர்க் பங்குச் சந்தையில் இருக்கும் ஒரே கம்பனியின் கையில் வந்தவை. இலாபத்துக்கு நடத்துவது குற்றமில்லை. ஆனால் புத்தகத்தைப் படிக்கும்போது அது விற்பனைக்காக அச்சடித்தது என்பது நினைவில் இருக்கட்டும்.

படிப்பின் அமைப்பு இதுதான்: ஏறக்குறைய இரண்டு வருடம் தீவில் அடிப்படை மருத்துவ விஞ்ஞானம். அப்புறம் யூ.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க உரிமப் பரீட்சையின் முதல் கட்டம். அதில் தேறினால் அடுத்த இரண்டு வருடம் பெரும்பாலும் அமெரிக்க வைத்தியசாலைகளில் பயிற்சி. நான்கு வருடப் படிப்பு என்று சொல்வது முன்பே ஒரு பட்டமோ அதற்குச் சமமான பாடங்களோ முடித்தவர்களுக்கு. உயர்தரத்தோடு போகும் பிள்ளைக்கு முன்னால் ஒன்றோ இரண்டோ ஆயத்த வருடம் கூடும்.

அந்த 'நேரா எம்.டி.' பேச்சையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். இலங்கையில் எம்.டி. என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து, பட்டமேற்படிப்பு நிறுவகத்தில் விசேட வைத்தியராவதற்குப் படிக்கும் பட்டம். அமெரிக்க முறையில் எம்.டி. என்பது அடிப்படைப் பட்டம், நம் எம்.பி.பி.எஸ்.ஸுக்குச் சமம். பெயர் ஒன்று, உயரம் வேறு. முகவர்கள் இதை விளக்கிச் சொல்வதில்லை, ஏனென்றால் விளக்காமல் இருந்தால்தான் பெற்றோர் முகம் மலர்கிறது.

படி 1: எந்த நாட்டில் வைத்தியம் பார்க்கப் போகிறீர்கள்?

எங்கே படிப்பது என்பது இரண்டாவது கேள்வி. எங்கே வேலை செய்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மருத்துவப் பட்டம் தேயிலை மாதிரி இல்லை. எந்தத் துறைமுகத்திலும் இறக்கி விற்க முடியாது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு கதவு.

அமெரிக்கா என்றால், பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பனடோல் கூட எழுத முடியாது. வெளிநாட்டில் படித்தவர்கள் எல்லோரும், பட்டத்தையும் பரீட்சைகளையும் சரிபார்த்துக் கொடுக்கும் ஈ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ் எடுத்து, பிறகு வதிவிடப் பயிற்சி (பட்டத்துக்குப் பின் வைத்தியசாலையில் சம்பளத்தோடு பெறும் பயிற்சி) இடம் ஒன்றைப் பிடிக்க வேண்டும். செப்டம்பரில் விண்ணப்பம், குளிர்காலத்தில் நேர்முகம், மார்ச் மூன்றாம் வாரத்தில் 'மேட்ச்' முடிவு, அதாவது யாருக்கு எந்த வைத்தியசாலையில் இடம் என்ற ஒதுக்கீடு. இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் வரை காத்திருப்பு.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாக யோசியுங்கள். பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ இலவசமாகப் படித்த பிள்ளை அமெரிக்கா போக விரும்பினாலும் இதே சான்றிதழ், இதே பரீட்சை, இதே வரிசை. கரீபியனில் படித்ததால் வரிசை மாறுவதில்லை. அப்படியானால் பணம் எதற்கு? அமெரிக்க வைத்தியசாலையில் இரண்டு வருடம் நின்று பழகுவதற்கும், அங்குள்ள வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் பரிந்துரைக் கடிதங்களுக்கும். அது சின்ன விஷயமில்லை, வதிவிடப் பயிற்சிக்கு ஆள் எடுப்பவர்கள் அதை மதிக்கிறார்கள். அதற்குத்தான் அந்த விலை என்று தெரிந்து கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

கனடா என்றால், "டொரொண்டோவில் மாமா இருக்கிறார், பார்த்துக்கொள்வார்" என்ற பேச்சு வரும். மாமா சாப்பாடு போடுவார், படுக்க இடம் கொடுப்பார். வதிவிடப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க உங்கள் பிள்ளைக்குத்தான் கனடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ வேண்டும். மாமாவினுடையது செல்லாது.

இலங்கை என்றால், வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே பதிவு பெறுவதற்காக இலங்கை மருத்துவ சபை நடத்தும் ஈ.ஆர்.பி.எம். பரீட்சை; பழைய ஆட்கள் 'அக்ட் 16' என்று சொல்வது. அதில் தேறி, உள்ளகப் பயிற்சி நியமனத்துக்குக் காத்திருந்து, ஒரு வருடம் அதை முடித்த பிறகுதான் முழுப் பதிவு. நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ பதுளையிலோ வேலை பார்க்க வேண்டும் என்பதுதான் பிள்ளையின் ஆசை என்றால், அமெரிக்கப் பரீட்சைகளுக்கென்று வார்க்கப்பட்ட ஒரு படிப்பைச் சுற்றிக்கொண்டு வருவது வீண் அலைச்சல். இந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடலாம்.

படி 2: பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பாருங்கள்

பள்ளிகள் விளம்பரத்தில் போடும் 'வதிவிடப் பயிற்சி கிடைத்தோர்' விகிதம் பெரிதாக இருக்கும். அந்த மாணவர்களில் பெரும்பாலானோர் அமெரிக்கக் குடிமக்கள் என்பதைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 2024 மேட்சில் அமெரிக்க எம்.டி. பள்ளிகளின் இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதத்தினருக்கு முதல் வருடப் பயிற்சி இடம் கிடைத்தது. வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களில் 67 சதவீதம். வெளிநாட்டில் படித்த வெளிநாட்டவரில் 58.5. உங்கள் மகள் எந்தத் தீவில் படித்தாலும் மூன்றாவது கூட்டம்தான். அதே கூட்டத்தில் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நன்றாகப் படித்து, உயர்ந்த புள்ளி எடுத்து வந்தவர்கள் நிற்கிறார்கள், இந்தச் செலவில் ஒரு சிறு பங்கோடு.

கிடைக்கும் இடங்களும் பெரும்பாலும் பொது மருத்துவம், குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம், மனநல மருத்துவம். தோல் வைத்தியம், எலும்பு சத்திரசிகிச்சை எல்லாம் வெளிநாட்டுப் பட்டதாரிக்கு மிக மிகக் கடினம்.

அப்புறம் விசா. ஒன்றல்ல, மூன்று தடவை. பெரும்பாலான பயணங்கள் ஐரோப்பா வழியாகவோ அமெரிக்கா வழியாகவோதான். அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். மூன்றாம் வருடம் வைத்தியசாலைப் பயிற்சிக்காக அமெரிக்காவுக்குள் போக இன்னொரு விசா. மறுத்தால்? இரண்டு வருடக் கட்டணம் கட்டிவிட்டு தீவில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வேறு நாட்டில் பயிற்சி ஏற்பாடு உண்டா என்று பள்ளியிடம் இப்போதே கேளுங்கள். கடைசியாக, வதிவிடப் பயிற்சிக்கான விசா. அது பெரும்பாலும் ஜே1 என்ற தற்காலிகப் பரிமாற்ற விசா. அதற்கு நம் சுகாதார அமைச்சின் கடிதம் வேண்டும். பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும். வைத்தியர் தட்டுப்பாடுள்ள இடத்தில் மூன்று வருடம் வேலை செய்து அதற்கு விலக்குப் பெறலாம், ஆனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருடத்துக்கு 30 இடம்தான். எச்1பி என்ற வேலை விசா வழிக்கு 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. ஒரு முதல் வருடப் பயிற்சி வைத்தியருக்காக அதைக் கட்ட எத்தனை வைத்தியசாலைகள் முன்வரும் என்று நீங்களே யோசியுங்கள்.

மகளுக்கு அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் இந்தப் படியின் பாதிக் கவலை போய்விடும். கதை வேறாகிவிடும்.

படி 3: 'முதல் நாள் வந்த 100 பேரில்' என்று கேளுங்கள்

இதுதான் முக்கியமான படி, என் வீட்டுக்குள்ளேயே நடந்த கதையும் இதுதான்.

என் அக்கா மகன் இப்படியொரு தீவுக்குப் போனான். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். பண்டாரவளையிலிருந்து போகும்போது அவனை ஏற்றிவிட மூன்று வேன் ஆட்கள் போனோம். நான்கு தவணை முடித்தான். யூ.எஸ்.எம்.எல்.இ. முதல் கட்டம் எழுத வேண்டுமென்றால், அதற்கு முன் பள்ளி வைக்கும் ஒரு மாதிரிப் பரீட்சையில் குறிப்பிட்ட புள்ளி எடுக்க வேண்டும். முதல் தடவை சில புள்ளிகளில் தவறியது. இரண்டாம் தடவையும். மூன்றாம் தடவைக்குப் பிறகு பள்ளி அவனை விலக்கியது. அவன் யூ.எஸ்.எம்.எல்.இ. மண்டப வாசலைக்கூட மிதிக்கவில்லை. அந்த வருடம் அதே பள்ளி 'எங்கள் மாணவர்களில் 90-க்கு மேற்பட்ட சதவீதம் முதல் தடவையிலேயே சித்தி' என்று போட்டது. பொய்யில்லை. எழுதியவர்களில் அத்தனை சதவீதம்தான். என் அக்கா மகன் எழுதியவனும் இல்லை, தவறியவனும் இல்லை. கணக்கிலேயே இல்லை.

பள்ளிகள் ஏன் இப்படி வடிகட்டுகின்றன? அமெரிக்க அரசின் மாணவர் கடனை வாங்கித் தரும் தகுதி ஒரு வெளிநாட்டுப் பள்ளிக்கு வேண்டுமென்றால், அதன் மாணவர்களில் குறைந்தது 75 சதவீதம் இந்தப் பரீட்சைகளில் தேற வேண்டும் என்று சட்டம். அந்தக் கடன்தான் பள்ளியின் உயிர். பலவீனமான பிள்ளையை எழுத விட்டால் சதவீதம் இறங்கும். எழுத விடாமல் வைத்துக்கொண்டால் கட்டணமும் வரும், சதவீதமும் நிற்கும். வடிகட்டுவதில் நியாயமும் உண்டு: ஒரு தடவை தவறினால் அது பிள்ளையின் பதிவில் அழியாமல் நிற்கும், மொத்தமே நான்கு தடவைதான் எழுத முடியும். ஆனால் அந்த வடியில் எத்தனை பேர் நின்றுபோனார்கள் என்பதைப் புத்தகம் சொல்லாது.

ஆகவே மின்னஞ்சல் எழுதுங்கள். முகவருக்கு இல்லை, பள்ளியின் சேர்க்கை அலுவலகத்துக்கு நேராக. ஆங்கிலத்தில், பிள்ளையே எழுதட்டும். கேட்க வேண்டியது: ஆறு வருடத்துக்கு முன் ஒரு குறிப்பிட்ட தவணையில் முதல் நாள் வகுப்புக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் முதல் கட்டப் பரீட்சை எழுத அனுமதிக்கப்பட்டார்கள்? எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள்? எத்தனை பேருக்கு மேட்சில் இடம் கிடைத்தது? அவர்களில் அமெரிக்கக் குடியுரிமையோ கனடியக் குடியுரிமையோ இல்லாதவர்கள் எத்தனை பேர்? இலங்கைப் பாஸ்போர்ட்டோடு படித்து இன்று அமெரிக்காவில் வேலை செய்யும் ஒருவருடன் பேச முடியுமா?

நேரான எண்ணோடு பதில் வந்தால் அந்தப் பள்ளியை மேலும் யோசிக்கலாம். 'எங்கள் வெற்றிக் கதைகள்' என்று இன்னொரு புத்தகம் வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

இன்னொன்று. முன்பெல்லாம் முதல் கட்டப் பரீட்சையில் புள்ளி கொடுப்பார்கள். மிக உயர்ந்த புள்ளி எடுத்து வெளிநாட்டுப் பிள்ளை தன்னைக் காட்டிக்கொள்ளலாம். 2022 ஜனவரியிலிருந்து சித்தி, சித்தியில்லை மட்டும்தான். பாரம் முழுக்க இரண்டாம் கட்டப் பரீட்சையின் புள்ளி மேல் ஏறிவிட்டது. "அந்தக் காலத்தில் என் நண்பர் போனார்" என்று யாராவது சொன்னால், எந்தக் காலம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: பணத்தை ரூபாவில் எழுதிப் பாருங்கள்

டாலரில் பார்த்தால் சின்ன எண்ணாகத் தெரியும். அன்று கலண்டர் தாளில் நான் எழுதியது இது.

பெயர் பெற்ற பள்ளிகள் பலவற்றில் நான்கு வருடக் கட்டணம் மட்டும் 2 லட்சம் டாலரைத் தாண்டும். சிலவற்றில் 3 லட்சத்தையும். நடுவில் 2.5 லட்சம் என்று வைத்தோம். தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதிக்கு வருடம் 20,000 டாலர் என்று சிக்கனமாக வைத்தால் நான்கு வருடத்துக்கு 80,000. தீவில் எல்லாமே கப்பலில் வருவது. தக்காளியின் விலையைக் கேட்டால் வெலிமடை ஆட்கள் சிரிப்பார்கள். யூ.எஸ்.எம்.எல்.இ. ஒவ்வொரு கட்டத்துக்கும் சுமார் 1,000 டாலர். விமான டிக்கெட், நேர்முகப் பயணம், சான்றிதழ்ச் செலவு எல்லாம் சேர்த்து 10,000 போட்டோம். மொத்தம் 3,40,000. டாலர் 300 ரூபா என்றால் 10 கோடியே 20 லட்சம். ஆயத்த வருடங்களை இன்னும் சேர்க்கவில்லை.

அவர் பேனையை வாங்கி, தன் கணக்கை எழுதினார். கடைக் கட்டடம், காணி உறுதி, மனைவியின் நகை, தம்பியிடம் இருக்கும் பங்கு. எல்லாம் சேர்ந்து பாதிக்குக் கிட்ட வந்தது. மிச்சத்துக்கு வங்கி என்றார். சரி, 5 கோடி கடன், 12 சதவீத வட்டி என்று வைத்தால் வருடத்துக்கு வட்டி மட்டும் 60 லட்சம். மாதம் 5 லட்சம். முதல் நாளிலிருந்து. மகள் சம்பாதிக்கத் தொடங்குவது ஆறாம் ஏழாம் வருடத்தில். அப்போதும் அமெரிக்க வதிவிடப் பயிற்சிச் சம்பளம் வருடத்துக்கு 60,000 முதல் 70,000 டாலர் வரைதான், வரி வேறு, வாடகை வேறு.

அமெரிக்கப் பிள்ளைகள் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டார். அவர்களுக்கு அவர்கள் அரசாங்கமே கடன் கொடுத்தது. பள்ளியில் அரைகுறையாக நின்றாலும் அப்பாவின் கடை ஏலத்துக்குப் போகாது. நமக்கு அந்தக் கடன் இல்லை.

நாணய மாற்றையும் மறக்காதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டாலர் சுமார் 200 ரூபா. மே மாதத்தில் 360. இன்னும் 2 லட்சம் டாலர் கட்ட வேண்டியிருந்த வீட்டுக்கு, 4 கோடி இரண்டே மாதத்தில் 7 கோடியே 20 லட்சமானது. காசு கையில் இருந்தும் வங்கியில் டாலர் இல்லாமல், வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்கு அனுப்ப முடியாமல் தவித்த பெற்றோரை நாம் எல்லோரும் பார்த்தோம். படிப்பு ஆறு வருடம். ஆறு வருடம் ரூபா ஆடாமல் நிற்கும் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

என் அளவுகோல் ஒன்று, கடுமையானதுதான்: இரண்டாம் வருட முடிவில் பிள்ளை வெறுங்கையோடு திரும்பினாலும் அந்த வீடு நின்றுபிடிக்குமா? நின்றுபிடிக்கும் என்றால் அடுத்த படிக்குப் போங்கள். இல்லையென்றால் வேண்டாம். நானாக இருந்தால், குடியிருக்கும் வீட்டு உறுதியை இதற்காக எடுக்க விடமாட்டேன்.

படி 5: மருத்துவ சபையிடம் எழுத்தில் வாங்குங்கள்

அமெரிக்காதான் என்று முடிவெடுத்தவர்களும் இதைச் செய்ய வேண்டும். மேட்ச் கிடைக்காமல் திரும்பும் பிள்ளைக்கு இதுதான் ஒரே கூரை. இலங்கை மருத்துவ சபை வெளிநாட்டு மருத்துவப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிறது. உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகுதியும் கேட்கிறது. முகவர் காட்டும் போட்டோக் கொப்பியை நம்பாமல், பிள்ளையின் பெயர், பெறுபேறு, பள்ளியின் முழுப் பெயர், வளாகம் இருக்கும் தீவு எல்லாம் எழுதிக் கேளுங்கள். முக்கியமாக ஒரு வரி சேருங்கள்: "இரண்டு வருடம் தீவில், இரண்டு வருடம் வேறொரு நாட்டு வைத்தியசாலைகளில் என்ற முறையில் பெறும் பட்டத்தோடு ஈ.ஆர்.பி.எம். எழுத முடியுமா?" இந்தியா 2021-ல் கொண்டுவந்த விதியில் படிப்பும் பயிற்சியும் ஒரே வெளிநாட்டு நிறுவனத்திலேயே நடக்க வேண்டும் என்று கேட்கிறது. நம் ஆட்கள் "இங்க இல்லாட்டி இந்தியாவுல பார்த்துக்கலாம்" என்று சொல்வதற்கு முன் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கடிதம் கையில் வரும்வரை முற்பணம் கட்டாதீர்கள். "வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலைன்னா இடம் போயிடும்" என்பது முகவர் பல்லவி. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மாணவர் சேர்க்கும் பள்ளியில் இடம் அப்படிப் போய்விடாது.

படி 6: பள்ளியின் தரச்சான்று

இது சின்னப் படி, அரை மணி நேர வேலை. உலக மருத்துவப் பள்ளிகளின் பட்டியல் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. அதில் பள்ளியின் பெயரைத் தேடி, ஈ.சி.எஃப்.எம்.ஜி. பற்றிய குறிப்பைப் பாருங்கள். பட்டியலில் இருப்பது மட்டும் தரத்துக்குச் சான்றில்லை. பள்ளிக்குத் தரச்சான்று கொடுத்த அமைப்பு எது, அந்த அமைப்பை உலக மருத்துவக் கல்விச் சம்மேளனம் ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக முளைத்த பள்ளி, சொந்தக் கட்டடம் இல்லாத பள்ளி, பெயரை மாற்றிக்கொண்ட பள்ளி என்றால் விட்டுவிடுங்கள்.

தீவுக்கும் ஒரு வார்த்தை. மீரியபெத்தை மண்சரிவைப் பார்த்த நமக்கு மலை அசைந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1995-ல் மொன்செராட்டில் எரிமலை வெடித்து ஒரு பள்ளி தீவையே விட்டுப் போனது. 2017 செப்டம்பரில் டொமினிக்காவை அடித்த மரியா சூறாவளிக்குப் பிறகு ரோஸ் அமெரிக்காவில் தற்காலிகமாக வகுப்பு நடத்தி, பின் பார்படோஸுக்கே இடம் மாறியது. புயல் வந்தால் மாற்றுத் திட்டம் என்ன என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

படி 7: பக்கத்தில் உள்ள வழிகளையும் அதே தாளில் எழுதுங்கள்

நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, மிச்ச 5 சதவீதம் இந்த மாவட்டங்களுக்கு. இதற்காகவே வெளி மாவட்டப் பிள்ளைகள் இங்கே வந்து பரீட்சை எழுதுகிறார்கள் என்று நாம் எத்தனை வருடமாகக் கத்துகிறோம்! அவர்கள் தேடி வருகிற வாய்ப்பு நம் வாசலில் இருக்கும்போது, ஒரு தடவை மட்டும் எழுதிவிட்டு 10 கோடிக்குக் கடல் கடப்பது எனக்குப் புரியவில்லை. மூன்று தடவை எழுதலாம். வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட நிற்கும் பிள்ளைக்கு ஒரு வருடம் இன்னொரு முயற்சி செய்வதன் செலவு, வகுப்புக் காசும் பஸ் காசும்தான்.

அதுவும் முடியாவிட்டால், கொத்தலாவலப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் கட்டி மருத்துவம் படிக்க இடம் உண்டா என்று விசாரிக்கலாம், கட்டுவது இந்த நாட்டுக்குள். வெளிநாடுதான் என்றால் பங்களாதேஷ், நேபாளம் போன்ற இடங்களுக்கு நம் பிள்ளைகள் பல காலமாகப் போய்த் திரும்பி ஈ.ஆர்.பி.எம். எழுதி வேலை செய்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துப் பேசலாம், நம் வார்ட்டிலேயே இருப்பார்கள். இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் புலமைப்பரிசில்களையும், தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கான கல்வி அறக்கட்டளை உதவியையும் கண்டியில் உள்ள அதன் உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்தில் விசாரியுங்கள். திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் சித்த மருத்துவம் இருக்கிறது, பேராதனையில் மருந்தாளர், இயன்மருத்துவம், தாதியியல் பட்டங்கள் இருக்கின்றன. 'டொக்டர் ஆகாட்டி ஒண்ணுமில்லை' என்று வளர்த்த வீடுகளில் இவை காதில் ஏறுவதில்லை.

படி 8: பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள்

அப்பா கடையிலிருந்து வந்த போன் ஒன்றை எடுக்க வெளியே போனபோது அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். "உனக்கு அங்க போக விருப்பமா?" கொஞ்ச நேரம் விரலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "தெரியலை சேர். ஃபெயில் ஆனா அப்பா முகத்தை எப்படிப் பார்க்கிறதுன்னுதான் யோசிக்கிறேன்."

இந்தப் படிப்பைத் தாங்க வேண்டியது அவள். தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளை முதல் தவணையிலேயே ஆங்கிலத்தில் உடற்கூறு, உயிர்இரசாயனம் எல்லாம் வாரம் நூற்றுக்கணக்கான பக்கம் விழுங்க வேண்டும். இங்கே ஆங்கிலத்தில் ஒரு மருத்துவ நூலின் ஒரு அத்தியாயத்தை ஒரு வாரம் கொடுத்துப் பாருங்கள். மூன்றாம் நாள் அவள் முகம் சொல்லிவிடும். அக்கா மகன் தோற்றது மூளையால் இல்லை. முதல் தவணையில் பின்தங்கியதை வீட்டுக்குச் சொல்லப் பயந்து, தனியாக இழுத்துக்கொண்டு போனான். சொல்லியிருந்தால் ஒரு வருடக் காசு நட்டத்தோடு திரும்பியிருப்பான்.

படி 9: இத்தனைக்குப் பிறகும் போவது என்றால்

போகலாம். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்கும் பிள்ளை, கடன் வாங்காமல் கட்டக்கூடிய வீடு, முன்பே ஆங்கில மொழிமூலம் நல்ல பட்டம் ஒன்று எடுத்தவர், இப்படிப்பட்டவர்களுக்கு இது நல்ல வழியாகவே அமையலாம். அந்தப் பள்ளிகளில் படித்து அமெரிக்காவில் நல்ல வைத்தியர்களாக இருப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

அப்படியானால் வரிசை இது. பள்ளியின் இணையத்தளத்தில் நேராக விண்ணப்பியுங்கள்; முகவர் தேவையில்லை. புலமைப்பரிசில் கடிதத்தில், எந்தப் புள்ளிக்குக் கீழே போனால் அது நின்றுபோகும் என்ற வரியைத் தேடுங்கள். ஒரு தவணை முடிந்து விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். காசை மொத்தமாக அனுப்பாமல் தவணை தவணையாக வங்கி மூலமே அனுப்புங்கள். புறப்படும் முன், வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு கோடு கிழியுங்கள்: இரண்டாம் தவணை முடிவில் இந்தப் புள்ளிக்குக் கீழே இருந்தால் திரும்பி வருவது, யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அதைத் தாத்தா, பாட்டி முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் பேச்சு எழும்புவது அங்கிருந்துதான்.

கடைக்காரர் கலண்டர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். பள்ளிக்கு மகளே மின்னஞ்சல் அனுப்பினாள். பதிலாக வந்தது இன்னொரு புத்தகம், இந்தத் தடவை பின்னட்டையில் சூரிய அஸ்தமனம். பிள்ளை இப்போது மறுபடி என் வகுப்பில், இரண்டாவது வாங்கில். நீலக் கடல் அட்டையைக் கிழித்துப் பௌதிகவியல் கொப்பிக்கு உறை போட்டிருக்கிறாள். மழையில் நனையாதாம்.